‘எ’ என்கிற ஓர் எழுத்து: சத்துவாச்சாரி மாலை இங்கிலீஷ் வகுப்பு

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற மாலை இங்கிலீஷ் வகுப்புக்கு மூன்று மாதம் போய் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். சார் ஒரு ரிட்டயர்டு ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். அவர் பெயரையும் போன் நம்பரையும் எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. மாதம் 900 ரூபாய். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டே கால் வரை. எங்கள் பேட்ச்சில் பதினான்கு பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்த வகுப்பு நல்லது என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். நூல் பிசிறு, பசைக் கறை, தையல் இறங்கினது, தோலின் மேல்பக்கம் தளர்ந்து சுருங்குகிற லூஸ் கிரெய்ன் என்று ஜோடியைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். கடுதாசி இங்கிலீஷ்தான் தகராறு. போன வருஷம் ஆடி மாதம் இங்கிலாந்து வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ‘வீ ஃபவுண்ட் ஃபியூ டிஃபெக்ட்ஸ் இன் தி லாஸ்ட் லாட்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அடுத்த லாட் எப்போது கிளம்புகிறது என்று இன்னொரு வரி. அவ்வளவுதான் மெயில்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இன்னாம்மா சொல்றான்?” என்று கேட்டார். “சில டிஃபெக்ட் இருந்துச்சாம் சார்” என்று நான்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

அடுத்த லாட் கிளம்பத் தயாராக அடுக்கி வைத்திருந்தது. ஒரு கார்ட்டனுக்கு 12 ஜோடி, 100 கார்ட்டன், 1,200 ஜோடி. டேப்பைக் கிழித்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். மறுநாள் ஆடிக் கிருத்திகை. என் லைனில் பதினெட்டு பெண்கள், அதில் ஆறேழு பேர் லீவு சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு பெண் மகனுக்காக ரத்தினகிரிக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். “இன்னாக்கா, அத்தினியும் பிரிக்கணுமா?” என்று கேட்டாள். பிரிக்கணும் என்றேன். எல்லோருக்கும் லீவு ரத்து. இரண்டு நாள், நைட் ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தோம். ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. எந்தெந்த டிஃபெக்ட், போட்டோ அனுப்புங்கள் என்று கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள். அதற்குத் திங்கட்கிழமை பதில் வந்தது. குறை என்று எதையும் அவர்கள் சொல்லவே இல்லை, லாட் நன்றாக இருந்தது என்பதைத்தான் எழுதினோம் என்று.

‘ஃபியூ டிஃபெக்ட்ஸ்’ என்றால் டிஃபெக்ட் ரொம்பக் குறைவு, தேடினாலும் கிடைக்காத மாதிரி என்று அர்த்தம். அது பாராட்டு. ‘எ ஃபியூ டிஃபெக்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால்தான் நான் சொன்ன அர்த்தம். ஓர் எழுத்து இல்லாததை நான் கவனிக்கவில்லை, அந்தப் பெண்ணின் காவடி போயிற்று. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு முதலில் ஊருக்குள் இருக்கிற ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஏசி ரூம், பெரிய டிவி, சுற்றி வந்து கைகுலுக்கித் தன்னைப் பற்றிச் சொல்கிற பயிற்சி. இரண்டாவது வாரம் இந்தச் சந்தேகத்தைக் கேட்டேன். ஃபியூ, எ ஃபியூ ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் ‘சில’ன்னு போட்டுக்கோங்க, பேசும்போது யாரும் கவனிக்க மாட்டாங்க என்றார்கள். இங்கிலாந்துக்காரர் கவனித்துத்தான் எழுதினார். கவனிக்காதது நான். அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை.

பிறகு எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிற தம்பி சொல்லித்தான் இந்த மாடி வகுப்பு தெரிந்தது. சேரும் முதல் நாளே சார், “உங்க வேலைல உங்களுக்கு மாட்டிக்கிட்ட ஒரு வாக்கியம் சொல்லும்மா” என்றார். நான் அந்த மெயில் வரியைச் சொன்னேன். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். நாலாவது வகுப்பில் அதை எடுத்தார்.

அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போர்டில் இரண்டு வரி எழுதினார். ‘தேர் இஸ் லிட்டில் வாட்டர் இன் தி பாலாறு.’ ‘தேர் இஸ் எ லிட்டில் வாட்டர் இன் தி பாலாறு.’ இதில் எது சித்திரை மாதத்துப் பாலாறு, எது ரெண்டு மழை பெய்த பிறகு இருக்கிற பாலாறு என்று கேட்டார். பாதிப் பேர் மாற்றிச் சொன்னோம். பாலாற்றுப் பாலத்தில் தினமும் போகிறவர்கள் நாங்கள், மணலும் முள்செடியும் பார்த்தே பழகினவர்கள். சரி, இதைத் தமிழில் சொல்லுங்கள் என்றார். “பாலாத்துல தண்ணி கொஞ்சம்தான் இருக்கு.” “பாலாத்துல தண்ணி கொஞ்சம் இருக்கு.” இப்போது எது சித்திரை? எல்லோரும் சரியாகச் சொன்னோம். ‘தான்’ வந்தது சித்திரை. அதுதான் ‘எ’ இல்லாத லிட்டில்.

தமிழில் ‘தான்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துச் செய்கிற வேலையை இங்கிலீஷில் ‘எ’ என்ற எழுத்தை எடுத்துவிட்டுச் செய்கிறார்கள். நாம் சேர்க்கிறோம், அவர்கள் எடுக்கிறார்கள். எழுத்துத் தமிழில் ‘சிலரே வந்தார்கள்’ என்று ஓர் ஏகாரம் போட்டாலும் இதே வேலை நடக்கிறது. இது பன்னிரண்டு வருஷப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். நாம் ஏன் மாட்டிக்கொள்கிறோம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘எ’ என்றால் ‘ஒரு’ என்று சின்ன வயசில் படித்துவிட்டோம். அதனால் ‘எ ஃபியூ’ என்பதை ‘ஒரு சில’ என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் தமிழில் ‘ஒரு சில’ என்பது ‘சில’வைவிடக் குறைவாகக் கேட்கும். ‘கல்யாணத்துக்குச் சிலர் வந்தார்கள்’ என்பதைவிட ‘ஒரு சிலர் வந்தார்கள்’ என்றால் இன்னும் கம்மியாகத் தோன்றும், பின்னாலேயே ஒரு ‘மட்டும்’ வரப்போகிற மாதிரி இருக்கும். நம் ‘ஒரு’ குறைக்கிறது. அவர்கள் ‘எ’ கூட்டுகிறது. அப்படியே எடுத்துப் போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். என் தப்பு எங்கே பிறந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் ஏதோ கவனக் குறைவு என்று நினைத்திருந்தேன். தமிழை வைத்தே இங்கிலீஷைப் படித்தேன், ஆனால் தமிழையும் சரியாகப் பார்க்கவில்லை.

எண்ணிக்கை எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். எ ஃபியூ என்றால் மூன்றா, ஐந்தா? சார் எண் சொல்லவில்லை. நேதாஜி மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போகிறீர்கள், கூடையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஐந்து இருக்கிறது என்றார். (அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சொந்தக்காரப் பையன் பாஸான மாதிரி ஒரு சந்தோஷம்.) வீட்டில் ரெண்டு பேர், புளிக்குழம்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஐந்தும் ‘எ ஃபியூ பிரிஞ்சால்ஸ்’, குழம்புக்கு ஆகும். அதே ஐந்து காய், விருந்துக்கு ஐம்பது பேர், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ண வேண்டும் என்றால் ‘ஃபியூ பிரிஞ்சால்ஸ்’, காணாது. காய் ஐந்துதான், மாறவில்லை. எதிர்பார்ப்பு மாறுகிறது. எண்ணக்கூடியதற்கு ஃபியூ, எண்ண முடியாத தண்ணீர், பால், நேரம், பணத்துக்கு லிட்டில். இது எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சீக்கிரமே தாண்டிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்தது. பத்தாவதில் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்’ படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லோரும் தூக்கினோம். ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இண்டியா’ என்பதைப் பாசிட்டிவ் டிகிரிக்கு மாற்றுங்கள். பதினான்கு பேரும் ஒரே குரலில், “வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இண்டியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை!” என்றோம். இருபது வருஷத்துக்கு முன்னால் மனப்பாடம் பண்ணியது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சென்னை அளவுக்குப் பெரிய ஊர் இந்தியாவில் ரொம்பச் சிலதான், கிட்டத்தட்ட இல்லை என்கிற மாதிரி. அந்த வாக்கியத்தில் ‘எ’ இருக்கிறதா? இல்லை. ‘எ வெரி ஃபியூ’ என்று யாராவது எழுதினீர்களா? இல்லை. அப்போதே உங்கள் கையில் இருந்ததம்மா இது, பரீட்சைக்கு எழுதினீர்கள், அர்த்தத்தை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்றார். என் கண் கலங்கிவிட்டது. பத்தாவதில் அந்த ஐந்து மார்க்கை நான் முழுசாக வாங்கினவள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழியும் கொடுத்தார். கடைசியில் கேள்வி வால் ஒட்டிப் பாருங்கள் என்றார். ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் வால் ‘டிடின்ட் தே?’ என்று வரும். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் வால் ‘டிட் தே?’ என்று வரும். இல்லை என்கிற வாக்கியத்துக்குப் போடுகிற வாலைத்தான் வெறும் ஃபியூவுக்குப் போடுகிறார்கள். ஆள் வந்திருந்தாலும் இலக்கணம் அதை ‘வரவில்லை’ பக்கம் உட்கார வைக்கிறது.

வார்த்தையின் வம்சமும் ஒரு நிமிஷம் சொன்னார். ஃபியூ என்பது பழைய இங்கிலீஷின் சொந்த வார்த்தை. ஏழை என்று அர்த்தப்படுகிற ‘புவர்’ லத்தீன், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து சேர்ந்த வார்த்தை. ரெண்டுக்கும் ஆதி வேர் ஒன்று என்றார். ஃபியூவைப் பார்த்தால் இல்லாதவர் வீடு ஞாபகம் வரட்டும் என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்குக் குழம்பவே இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1940 ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் விமானப்படை வீரர்களைப் பற்றிப் பேசியதையும் சொன்னார். இவ்வளவு பேர், இவ்வளவு கடன், அதுவும் இத்தனை கொஞ்சம் பேருக்கு என்று மச், மெனி, ஃபியூ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வரிசையாக வைத்தாராம். அதற்குப் பிறகு அந்த விமானிகளுக்கு ‘தி ஃபியூ’ என்றே பெயர் நின்றுவிட்டது. ‘எ’ எடுத்தால் ஒரு அர்த்தம், ‘தி’ போட்டால் இன்னொரு அர்த்தம்: அந்தக் கொஞ்சம் பேர், அவர்கள் அத்தனை பேரும்.

மெடிக்கல் ஷாப் தம்பி அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டான். ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிற கடை, மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கிலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வந்து மாதக் கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள்தான் வாடிக்கை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு வங்காளம் தெரியாது, நடுவில் ஒட்டு இங்கிலீஷ். மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு சாப்பிடுங்கள் என்பதற்கு ‘வித் லிட்டில் வாட்டர்’ என்று சீட்டில் எழுதிக் கொடுப்பானாம். அது தண்ணீரைக் குறைக்கச் சொல்வதாக ஆகும், ‘வித் எ லிட்டில் வாட்டர்’ என்று எழுது, இல்லையென்றால் எத்தனை டம்ளர் என்று எண்ணில் எழுதிவிடு, மருந்து விஷயத்தில் எண்தான் பத்திரம் என்றார் சார். அந்தக் கடைசி வார்த்தையை எல்லோரும் குறித்துக்கொண்டோம்.

எல்லா நாளும் இப்படி இல்லை. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபியூவர், லெஸ் என்ற விஷயத்துக்கு ஒரு முழு சாயங்காலம் போனது. எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், மற்றதற்கு லெஸ். இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட்டில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று போர்டு வைத்ததற்கு மக்கள் சண்டை போட்டதும், 2008-இல் டெஸ்கோ அதை ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றியதும் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் லெஸ் என்று எழுதினால் அர்த்தம் கெட்டுப்போகாது, எங்கள் மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு மணி நேரம் அதிகம். அதே நேரத்தில் ‘செவரல்’, ‘எ கப்பிள் ஆஃப்’ ரெண்டையும் பத்தே நிமிஷத்தில் முடித்தார். கப்பிள் என்றால் ஜோடி, கணக்காக ரெண்டு என்று நான் நினைத்திருந்தேன். பேச்சில் அது நம் ‘ரெண்டு மூணு’ மாதிரிதான் ஓடுகிறது. ஷூ கம்பெனியில் ஜோடி என்பது கறாரான கணக்கு என்பதால் எனக்கு அது இன்னும் விரிவாக வேண்டியிருந்தது. கேட்டேன், அடுத்த வாரம் என்றார், வரவே இல்லை.

பேசும் பயிற்சி குறைவு. வாசிப்பதும் எழுதுவதும்தான் அவர் பலம். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள், வெளிநாட்டுப் பரீட்சை எழுதப் போகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. வகுப்பை ரெக்கார்ட் பண்ணவும் விடமாட்டார். மாடிப்படி குறுகல், கைப்பிடி ஒரு பக்கம்தான், மூட்டு வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். மழைக்காலத்தில் கொசு தாங்காது. கரண்ட் போனால் எமர்ஜென்சி விளக்கு ஒன்றுதான், பின்வரிசைக்குப் போர்டு தெரியாது. பெண்களுக்குக் கீழ் வீட்டுப் பாத்ரூமைத் திறந்து விடுகிறார்கள், அந்த அம்மா முகம் சுளித்ததே இல்லை. எட்டே காலுக்கு மேல் ஒரு நிமிஷம் இழுக்க மாட்டார், பஸ்ஸுக்குப் போகிறவர்களைப் பார்த்துச் செய்கிறார். இந்த ரெண்டும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று போனவர்களுக்குத் தெரியும்.

கற்றது பயன்பட்டதா என்று கேட்பீர்கள். இந்த வருஷம் வைகாசியில் அதே வாடிக்கையாளரிடமிருந்து இன்னொரு மெயில். ‘க்வைட் எ ஃபியூ பேர்ஸ் ஹேட் க்ளூ மார்க்ஸ்’ என்று இருந்தது. புதிதாக வந்த சூப்பர்வைசர், “ஏதோ ரெண்டு மூணுல பசை இருக்குதாம், விடுங்க” என்றார். எனக்கு வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. ‘ஒன்லி எ ஃபியூ’ என்றால் குறைவு, ‘க்வைட் எ ஃபியூ’ என்றால் நிறையவே. ‘ஃபியூ’ இருக்கிறதே என்று குறைவு பக்கம் போய்விடக் கூடாது. மேனேஜரிடம் நேராகப் போய், சார், இது கம்ப்ளைன்ட்தான், பெரிய கம்ப்ளைன்ட், அடுத்த லாட்டைப் பிரிக்கணும் என்றேன். போன தடவை நடந்தது அவருக்கும் ஞாபகம் இருந்தது. “நல்லாத் தெரியுமாம்மா?” என்றார். தெரியும் சார் என்றேன். முதலில் பத்து கார்ட்டன் மட்டும் பிரிப்போம், கிடைத்தால் மீதியைப் பார்க்கலாம் என்று நானே சொன்னேன். 120 ஜோடியில் முப்பத்தொன்றில் குதிகால் பக்கம் பசைக் கறை. பசை போடுகிற இடத்தில் பிரஷ் மாற்றியிருந்தார்கள், அதில் வந்த கோளாறு. எல்லாவற்றையும் பகல் ஷிஃப்டிலேயே துடைத்து அனுப்பினோம். யாருக்கும் லீவு ரத்தாகவில்லை.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போங்கள், அன்றுதான் புதியவர்களைச் சேர்க்கிறார். சர்வீஸ் ரோட்டில் இறங்கி ரிட்டயர்டு இங்கிலீஷ் சார் மாடி எது என்று கேட்டால் காட்டுவார்கள். கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று வேண்டும், அச்சடித்த பாடம் எதுவும் தரமாட்டார். உங்கள் வேலையில் நீங்கள் மாட்டிக்கொண்ட ஒரு வாக்கியத்தை, ஓர் எழுத்து விடாமல், அப்படியே எழுதிக் கொண்டுபோங்கள். முதல் கேள்வியே அதுதான்.